காஸ் எல்லா அச்சுக்கும் பொது

மேல்நிலை வகுப்புகளில் இயற்பியலும் கணிதமும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

நீங்கள் இரண்டு வருடம் உழைத்துத் தேற்றி அனுப்பும் பிள்ளைகளை முதலாமாண்டில் வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறேன். பொறியியல் கல்லூரியில் இயக்கவியல் என் பாடம். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதில் கொஞ்சம் மனக்குறையும் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு விசையை ஓரலகு வெக்டர்களின் நேரியல் சேர்க்கையாக எழுதச் சொன்னால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளின் கை ஓடிவிடுகிறது. எஃப் காஸ் தீட்டா ஐ கேப், கூட்டல் எஃப் சைன் தீட்டா ஜே கேப். கோணம் எங்கிருந்து அளக்கப்பட்டிருக்கிறது, அச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற விசாரணையே கிடையாது. கோணத்தை ஒய் அச்சிலிருந்து குறித்துக் கொடுத்தாலும் அதே வரிதான். "ஏம்ப்பா, இங்கே எப்படி காஸ் வந்தது?" என்று கேட்டால், "எக்ஸுக்கு காஸ்தானே சார்" என்று பதில் வருகிறது. சாய்தளம் வந்தால் மட்டும் எம்.ஜி. சைன் தீட்டா என்று சரியாக எழுதுகிறார்கள். அதுவும் புரிந்து எழுதுவதாகத் தெரியவில்லை. "சாய்தளத்துக்கு மட்டும் மாறும்" என்று யாரோ சொல்லி, அதைத் தனியாக நெட்டுரு போட்டிருக்கிறார்கள். விதியும் வேண்டாத, விதிவிலக்கும் வேண்டாத ஓரிடத்துக்கு இரண்டையும் சுமந்துகொண்டு வந்து சேர்கிறார்கள்.

இவர்கள் மக்குகள் இல்லை. 2, −1, 2 என்ற கூறுகளைக் கொண்ட வெக்டரின் திசையில் ஓரலகு வெக்டர் காண்க என்றால், மூன்றால் வகுத்து நொடியில் எழுதிவிடுவார்கள். சரி, அந்த ஓரலகு வெக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டு என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

காற்றை வைத்துச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு நாள் சென்னையில் 30 பாகையிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 20 நாட் என்றால் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். வானிலையாளர் வழக்கப்படி இந்த 30 பாகை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. அதுவும் காற்று போகும் திசையைச் சொல்வதில்லை, வரும் திசையைச் சொல்வது. கிழக்கு நோக்கிய ஓரலகு வெக்டரை 'கி' என்றும், வடக்கு நோக்கியதை 'வ' என்றும், மேல்நோக்கியதை 'மே' என்றும் இந்த மடல் முழுக்க எழுதப்போகிறேன். ஐ கேப், ஜே கேப், கே கேப் என்ற பெயர்களுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை என்பதால் எடுத்துக்கொண்ட சுதந்திரம் இது.

நம் மாணவர் வாய்ப்பாட்டுப்படி போட்டால் 17.32 கி + 10 வ என்று வரும். அதாவது, வங்காள விரிகுடாவிலிருந்து வரவேண்டிய காற்றை அவர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வரவழைத்துவிட்டார். சரியான விடை −10 கி − 17.32 வ. கிழக்குக் கூறுக்கு சைன், வடக்குக் கூறுக்கு காஸ், இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி. எக்ஸுக்கு காஸ் என்று பழகியவருக்கு மூன்று இடத்தில் அடி விழுகிறது. கணினி வானிலை முன்கணிப்புகளில் காற்று தினமும் இப்படித்தான் இரண்டு எண்களாக எழுதப்படுகிறது. கிழக்குக் கூறுக்கு யூ, வடக்குக் கூறுக்கு வி என்று பெயர்.

ஏன் இப்படிப் பிரித்து எழுத வேண்டும், வேகமும் பாகையும் போதாதா என்று ஒரு துடுக்கான பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். ஒரு மணிக்கு 350 பாகையிலிருந்தும் இரண்டு மணிக்கு 10 பாகையிலிருந்தும் 10 நாட் வேகத்தில் காற்று வீசியது. சராசரி என்ன? பாகைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 180. தெற்குக் காற்று! இரண்டு வேளையும் வீசியதோ வடக்குக் காற்று. கூறுகளாகப் பிரித்தால் முதலாவது 1.74 கி − 9.85 வ, அடுத்தது −1.74 கி − 9.85 வ. கிழக்குக் கூறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, சராசரி −9.85 வ என்று நிற்கிறது. கூட்டுவதற்காகத்தான் பிரிக்கிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. முக்கோண விதி, இணைகர விதி என்று ஸ்கேலும் பாகைமானியும் வைத்து வரைவதெல்லாம் இரண்டு வெக்டர் வரைக்கும் சரி. இருபது வெக்டரைக் கூட்ட வேண்டியிருந்தால் கூறுகளை விட்டால் வேறு கதியில்லை.

அதே 30 பாகைக் காற்றோடு மீனம்பாக்கத்துக்கு வருவோம். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எண். காந்த வடக்கிலிருந்து அளந்த பாகையைப் பத்துக்கு முழுமையாக்கி, கடைசி சுழியத்தை விட்டுவிட்டால் இந்த எண் கிடைக்கும். ஆக, 07 முனையிலிருந்து ஓடும் விமானம் ஏறக்குறைய 70 பாகைத் திசையில் போகிறது. அந்த விமானிக்குக் காற்றின் கிழக்குக் கூறைச் சொல்லி என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: எதிரே எவ்வளவு வருகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது. எதிர்காற்று அவருக்கு நல்லது. குறைந்த தரைவேகத்திலேயே ஏறிவிடலாம், இறங்கலாம். குறுக்குக்காற்று ஆகாது, அது ஓர் அளவைத் தாண்டினால் அந்த ஓடுபாதையையே விட்டுவிட வேண்டியதுதான். எனவே அவர் தனக்கென்று வேறு இரண்டு ஓரலகு வெக்டர்களை வைத்துக்கொள்கிறார். ஒன்று ஓடுபாதை வழியே, மற்றொன்று அதற்கு வலப்பக்கம் செங்குத்தாக.

ஓடுபாதை வழியேயான ஓரலகு வெக்டர் 0.940 கி + 0.342 வ. வலப்பக்கத்துக்கானது 0.342 கி − 0.940 வ. காற்றோடு இவற்றைப் புள்ளிப் பெருக்கல் செய்தால் முதலாவதில் −9.40 − 5.92, அதாவது −15.32. இரண்டாவதில் −3.42 + 16.28, அதாவது +12.86. விமானிக்கு 15.32 நாட் எதிர்காற்று. இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகத் தள்ளும் 12.86 நாட் குறுக்குக்காற்று.

காற்று ஒன்றுதான். வானிலையாளர் அதை −10, −17.32 என்கிறார், விமானி −15.32, 12.86 என்கிறார். முதல் ஜோடியின் வர்க்கங்களைக் கூட்டினால் 400. இரண்டாவது ஜோடியின் வர்க்கங்களைக் கூட்டினாலும் 400. 20-இன் வர்க்கம். பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம் எல்லாம். எண்கள் நாம் பிடித்த ஓரலகு வெக்டர்களைப் பொறுத்தவை. வெக்டர் யாரையும் பொறுத்ததல்ல. அச்சு கேள்வித்தாளோடு அச்சாகி வருவதில்லை, கணக்குப் போடுகிறவர் வைப்பது. எங்கள் மாணவர்கள் அச்சைக் கடவுள் வரைந்து வைத்தது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இதற்கு மாற்றுமருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது, இரண்டே வரி. ஒரு வெக்டரை 'அ கி + ஆ வ' என்று எழுதுங்கள். இருபுறமும் 'கி'யால் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள். 'கி'யை 'கி'யால் பெருக்கினால் 1, 'வ'வை 'கி'யால் பெருக்கினால் 0, மிஞ்சுவது 'அ'. ஆக, எந்தக் கூறு வேண்டுமோ அந்த ஓரலகு வெக்டரால் பெருக்கு, அவ்வளவுதான். புள்ளிப் பெருக்கலில் வருவது இடைப்பட்ட கோணத்தின் காஸ். ஆகவே எக்ஸுக்கும் காஸ், ஒய்க்கும் காஸ், இசட்டுக்கும் காஸ், ஓடுபாதைக்கும் காஸ். ஒவ்வொன்றுக்கும் கோணம் வேறு. சைன் என்று நாம் எழுதுவதெல்லாம் 90-இலிருந்து கழித்த கோணத்தின் காஸ்தான். கணிதப் புத்தகத்தில் திசைக் கொசைன்கள் என்று தனித் தலைப்பாக வருவதும் இதே சங்கதிதான். ஓரலகு வெக்டரின் மூன்று கூறுகளுக்கு அது இன்னொரு பெயர். இவை இரண்டும் ஒன்று என்று சொன்னால் ஆச்சரியப்படும் பிள்ளைகள் வருடாவருடம் வருகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துவிட வேண்டும். அந்த இரண்டு வரி வேலை செய்வது 'கி'யும் 'வ'வும் செங்குத்தாக இருப்பதால். செங்குத்தில்லாத ஜோடியைக் கொண்டும் எந்த வெக்டரையும் எழுதலாம். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாமல் இருந்தால் போதும். ஆனால் புள்ளிப் பெருக்கல் நேராகக் கூறைத் தந்துவிடாது. ஓர் ஊரில் பாதைகள் கிழக்கு மேற்காகவும், வடகிழக்கு தென்மேற்காகவும் மட்டுமே ஓடுகின்றன. கிழக்கே 3 கிலோமீட்டர், வடக்கே 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். வடகிழக்குப் பாதையில் 5.66 கிலோமீட்டர் போய், பிறகு மேற்கே 1 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். கூறுகள் 5.66-உம் −1-உம். புள்ளிப் பெருக்கலை நம்பியிருந்தால் 4.95-உம் 3-உம் என்று வந்திருக்கும். அப்படி நடந்தால் வீடு தாண்டி வேறெங்கோ நிற்பீர்கள். பொதுத்தேர்வுக்கு இது வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு கணக்கைப் போட்ட பிள்ளைக்குச் செங்கோண அச்சின் அருமை தெரிந்துவிடும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டுக் காட்டலாம்.

முப்பரிமாணம் வந்தால் கோணத்தைத் தேடுவதையே விட்டுவிடச் சொல்லுங்கள். 12 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றின் உச்சியிலிருந்து ஸ்டே கம்பி இழுத்துத் தரையில் கட்டியிருக்கிறார்கள். கட்டிய முளை, கம்பத்தின் அடியிலிருந்து கிழக்கே 3 மீட்டர், வடக்கே 4 மீட்டர். கம்பியில் இழுவிசை 2600 நியூட்டன். உச்சியிலிருந்து முளைக்குப் போகும் வெக்டர் 3 கி + 4 வ − 12 மே. அதன் நீளம் 13. வகுத்தால் ஓரலகு வெக்டர். அதை 2600-ஆல் பெருக்கினால் கம்பத்தின் உச்சியைக் கம்பி இழுக்கும் விசை: 600 கி + 800 வ − 2400 மே. தீட்டாவும் இல்லை, காஸும் இல்லை, கால்குலேட்டர்கூட வேண்டாம். டேப் வைத்து அளந்த மூன்று நீளங்கள் போதும். ஓரலகு வெக்டரை எதற்குக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டேனே, இதற்குத்தான். திசையை மட்டும் தனியே கழற்றி எடுத்து, வேண்டிய அளவை அதில் மாட்டிவிடுகிறோம். நீளத்திலிருந்து எடுத்த திசையில் விசையை மாட்டலாம், வேகத்தை மாட்டலாம், மின்புலத்தை மாட்டலாம். இதே கம்பத்துக்கு மூன்று ஸ்டே கம்பிகள் இருந்தால், மூன்று வரி எழுதி 'கி'க்களைத் தனியே, 'வ'க்களைத் தனியே கூட்டினால் வேலை முடிந்தது. 2400 என்ற அந்தக் கடைசி எண்ணையும் சுட்டிக்காட்டுங்கள்: கம்பத்தைச் சாயாமல் பிடிக்கக் கட்டிய கம்பி, இழுவிசையில் பெரும்பங்கைக் கம்பத்தைத் தரைக்குள் அமுக்குவதில் செலவிடுகிறது. முளையைத் தள்ளி அடித்தால் இது குறையும். கம்பிக்குச் சாய்வு ஏன் வேண்டும் என்று மின்வாரிய லைன்மேனுக்குத் தெரிந்தது அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

'மே' என்றால் எல்லா ஊரிலும் ஒரே திசை என்று நினைத்துவிட வேண்டாம். பூமி உருண்டை. சென்னையின் 'மே'வுக்கும் கன்னியாகுமரியின் 'மே'வுக்கும் ஐந்து பாகைக்கு மேல் வித்தியாசம். கம்பம் நடும் அளவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை, செயற்கைக்கோள் வைத்து இடம் சொல்லும் கருவிக்குப் பொருட்டு.

வகுப்பில் செய்து காட்ட ஒன்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனுக்குள் முடுக்கமானி இருக்கிறது. அதற்குப் போனோடு ஒட்டிய மூன்று ஓரலகு வெக்டர்கள். திரையின் வலப்பக்கம் ஒன்று, திரையின் மேல்விளிம்பு நோக்கி ஒன்று, திரையிலிருந்து வெளியே நம்மை நோக்கி ஒன்று. ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் இந்த மூன்று கூறுகளையும் நேரடியாகப் பார்க்கலாம். போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள்: 0, 0, 9.8 என்பதற்கு அருகில் ஏதோ காட்டும். மேல்விளிம்பைத் தூக்கி 30 பாகை சாய்த்தால் 0, 4.9, 8.5. இன்னும் எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் பிடியுங்கள், அசைக்காமல் இருந்தால் சரி. மூன்று எண்களும் தாறுமாறாக மாறும்; வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் திரும்பத் திரும்ப 9.8 பக்கத்திலேயே வந்து நிற்கும். இங்கே அச்சைத் திருப்புவது நம் கை. வெக்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழே இழுக்கும் ஈர்ப்புக்கு ஏன் மேல்நோக்கிக் கூட்டல் 9.8 காட்டுகிறது என்று எவராவது கேட்டால் விட்டுவிடாதீர்கள், நல்ல கேள்வி. கருவி உணர்வது ஈர்ப்பை அல்ல, மேசை அதைத் தாங்கிப் பிடிப்பதை.

இன்னொரு கேள்வியும் கேட்பார்கள், கலப்பெண் பாடம் படித்த பிறகு: அந்த ஐயும் இந்த ஐ கேப்பும் ஒன்றா? பெரும்பாலும் "அது வேற, இது வேற" என்று உட்காரவைத்துவிடுகிறோம். உண்மையில் இரண்டும் பங்காளிகள். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ராயல் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருந்த கணிதவியலாளர் ஹாமில்டனுக்கு, கலப்பெண்ணை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோகும் வழி பளிச்சென்று பட்டது. புரூம் பாலத்தின் கல்லிலேயே அதைக் கீறி வைத்தார். அதில் ஐ, ஜே, கே மூன்றுக்கும் வர்க்கம் −1. வெக்டர், ஸ்கேலர் என்ற பெயர்களும் அவர் கொடுத்தவையே. பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிப்ஸும், இங்கிலாந்தில் ஹெவிசைடும், ஹாமில்டனின் கணிதத்திலிருந்து வெக்டர் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். கிப்ஸ் தம் மாணவர்களுக்காக 1881-இலும் 1884-இலும் குறிப்புகளாக அச்சடித்துக் கொடுத்தார்; அவருடைய பாடங்களை வைத்து வில்சன் எழுதிய புத்தகம் 1901-இல் வந்தது. அந்தப் பிரிவினையில் ஐயின் வர்க்கம் −1 போய், ஐ கேப்பை ஐ கேப்பால் புள்ளிப் பெருக்கினால் +1 வந்தது. ஹாமில்டன் பக்கத்து ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1890-களில் நேச்சர் இதழில் பெரிய சண்டையே நடந்தது. எழுத்துகள் மட்டும் பழைய வீட்டிலிருந்து வந்தவை. இதை வகுப்பில் சொல்ல மூன்று நிமிடம் ஆகும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2018-இல் வந்த பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாவது பாடமே வெக்டரைக் கேட்கிறது. கணிதத்தில் வெக்டர் இயற்கணிதம் இரண்டாம் தொகுதியில் உட்கார்ந்திருக்கிறது. இயற்பியல் ஆசிரியர் அவசரத்துக்கு காஸ், சைன் என்று ஒரு குறுக்குவழியைக் கொடுத்து வேலையை ஓட்டுகிறார். மாதங்கள் கழித்துக் கணித ஆசிரியர் அதே சரக்கை வேறு பெயரில், வேறு குறியீட்டில், விசையும் இல்லாமல் காற்றும் இல்லாமல் வெறும் எண்களாக நடத்துகிறார். பிள்ளைக்கு இது இரண்டு பாடம். வரிசையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரும் இரண்டு பேர், ஜூன் மாதத்தில் ஒரு பீரியடை மாற்றிக்கொள்வதற்கு யாருடைய ஆணையும் வேண்டாம். புள்ளிப் பெருக்கலைக் கணித ஆசிரியர் முன்கூட்டியே ஒரு பீரியடில் நடத்திவிட்டால், இயற்பியல் ஆசிரியருக்கு அந்தக் குறுக்குவழியே தேவைப்படாது. அகாடமிகளில் வேகத்துக்காகச் சொல்லித்தரும் சுருக்க வாய்ப்பாடுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் இந்த மடலைப் படிக்கப்போவதில்லை.

கடைசியாக, மாதத் தேர்வில் சேர்த்துக்கொள்ள ஒரு கேள்வி. 30 பாகைச் சாய்தளத்தில் 2 கிலோ கட்டை ஒன்று உராய்வில்லாமல் வழுக்குகிறது. அதன் எடையை முதலில் கிடைமட்ட, நிலைக்குத்து ஓரலகு வெக்டர்களில் எழுதுக. பிறகு தளத்தின் வழியே கீழ்நோக்கியும், தளத்துக்குச் செங்குத்தாகவும் உள்ள ஓரலகு வெக்டர்களில் எழுதுக. முடுக்கத்தைக் காண எந்த ஜோடி வசதி, ஏன்? முதல் ஜோடியில் எடை 0, −19.6 என்று சுலபமாக வரும். ஆனால் தளம் தரும் எதிர்விசையையும் பிரிக்க வேண்டியிருக்கும், முடுக்கமும் இரண்டு கூறாக உடையும். இரண்டாவது ஜோடியில் எடையை மட்டும் பிரித்தால் போதும்: தளத்தின் வழியே 9.8, தளத்துக்குள் 16.97, முடுக்கம் 4.9 என்று ஒரே வரியில் விழுந்துவிடும். சில பிள்ளைகள் முதல் ஜோடியையே பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதி, அதே 4.9-க்கு வந்து சேர்வார்கள். தயவுசெய்து அவர்களுக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்கு இயக்கவியல் நடத்தும் ஒருவர்